நேற்றைய விற்பனை எவ்வளவு? பெங்களூரில் டேட்டா வேலை தேடுபவர்களுக்கு

2020 ஏப்ரல் 1 அன்று, மணிப்பாலைத் தலைமையிடமாகக் கொண்ட சிண்டிகேட் வங்கி, பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட கனரா வங்கியோடு இணைந்தது. நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்த நேரம். இணைப்பை அறிவித்தபோது அரசு எடுத்துச் சொன்ன சாதகங்களில் ஒன்று, இரண்டு வங்கிகளும் ஒரே கோர் பேங்கிங் மென்பொருளில் ஓடுகின்றன என்பது. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலிடத்திலிருந்து ஒருவர், "இப்போது நம் வங்கிக்கு வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டால்?

இரண்டு வங்கியிலும் கணக்கு வைத்திருந்த மளிகைக் கடைக்காரர் ஒருவரா, இருவரா? ஒன்றில் எஸ். முருகன் என்றும் மற்றொன்றில் முருகன் சண்முகம் என்றும் பெயர் பதிந்திருந்தால் அதை யார் கண்டுபிடிப்பது? கூட்டுக் கணக்கில் இரண்டாவது பெயராக மட்டும் இருக்கும் அவர் மனைவி வாடிக்கையாளரா? பத்து வருடமாக யாரும் தொடாத கணக்கை எதில் சேர்ப்பது?

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு யார் கேட்டாலும், எந்தக் கிளையிலிருந்து கேட்டாலும், ஒரே பதில் வரும்படி பல மென்பொருள்களில் சிதறிக் கிடக்கும் தகவலை ஓரிடத்தில் சேர்த்து ஒழுங்குபடுத்தி வைப்பது டேட்டா வேர்ஹவுஸ் வேலை. அந்தப் பதிலை அட்டவணையாகவோ டாஷ்போர்டாகவோ முடிவெடுப்பவர் கண்முன் கொண்டுபோய் நிறுத்துவது பிசினஸ் இன்டெலிஜென்ஸ், சுருக்கமாக பி.ஐ. சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ரெஸ்யூமேயோடு பெங்களூருக்கு பஸ் ஏறுகிறவர்களில் பலர் இந்த இரண்டு வேலைகளையும் மென்பொருள்களின் பட்டியலாகவே நினைக்கிறார்கள். பட்டியல் நீளமானால் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. ஒரு எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வேலை எங்கே இருக்கிறது

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தன் மையத்தைத் திறந்தபோது வந்தது சிப் வடிவமைப்பு வேலை. 2004, 2005 வாக்கில் வந்தவர்கள் வேறு ரகம். பிரிட்டனின் டெஸ்கோ, அமெரிக்காவின் டார்கெட் போன்ற சில்லறை வணிக ராட்சதர்களும், கோல்ட்மேன் சாக்ஸ் போன்ற நிதி நிறுவனங்களும் இங்கே சொந்த அலுவலகம் போட்டன. இன்று இவற்றை ஜி.சி.சி. (குளோபல் கேப்பபிலிட்டி சென்டர்) என்கிறோம். இந்தியாவில் மொத்தம் 1,700க்கு மேல் இருக்கின்றன. எந்த ஊரைவிடவும் பெங்களூரில்தான் அதிகம். கடை அமெரிக்காவில் இருக்கும்; அந்தக் கடையில் நேற்று எத்தனை பால் கேன் விற்றது என்ற கணக்கு பெங்களூரின் மான்யதா டெக் பார்க்கிலோ அவுட்டர் ரிங் ரோட்டிலோ தயாராகும்.

பிற நிறுவனங்களுக்கு வேலை செய்து தரும் சர்வீஸ் கம்பெனிகளிலும் இதே வேலை உண்டு. அங்கே ஒரே வருடத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனம், ஒரு மருந்து நிறுவனம் என்று பல தொழில்களைப் பார்க்கலாம். ஆனால் எதிலும் ஆழமாக இறங்குவதற்குள் ப்ராஜெக்ட் மாறிவிடும். ஜி.சி.சி.யில் ஒரே தொழில்தான், ஆனால் அதன் அடிவேர் வரை போகலாம். முதல் இரண்டு வருடம் சர்வீஸ், பிறகு ஜி.சி.சி. என்பது பலரும் போகும் வழி, மோசமான வழியும் இல்லை.

வங்கிகளையும் விட்டுவிடாதீர்கள். 2010 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஓர் அணுகுமுறை அறிக்கை வெளியிட்டது. வங்கிகள் தனக்கு அனுப்பும் அறிக்கைகள், யாரும் கையால் தட்டச்சு செய்யாமல், மூல மென்பொருளிலிருந்து நேரடியாக வர வேண்டும் என்றது. பல வங்கிகளில் டேட்டா வேர்ஹவுஸுக்கு பட்ஜெட் கிடைத்ததற்கு இது ஒரு காரணம். மேலே சொன்ன இணைப்பு தவிர, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017 ஏப்ரல் 1இல் எஸ்.பி.ஐ.யோடும், விஜயா வங்கி 2019 ஏப்ரல் 1இல் பேங்க் ஆஃப் பரோடாவோடும் இணைந்தன. நான்கு வருடத்துக்குள் மூன்று இணைப்புகள். இரண்டு கம்பெனிகளின் டேட்டாவை ஒன்றாக்கத் தெரிந்த ஆளுக்கு இந்த ஊரில் வேலைப் பஞ்சம் வராது.

எஸ்.க்யூ.எல். வருமா என்பதன் உண்மையான அர்த்தம்

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். எல்லார் ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. நேர்காணலில் விழுகிறவர்கள் இலக்கணத்தில் விழுவதில்லை. இந்த உதாரணத்தைப் பாருங்கள்.

ஆர்டர் அட்டவணையில் ஒரு வரி: ஆர்டர் எண் 101, தொகை 1,000 ரூபாய். பேமெண்ட் அட்டவணையில் அதே ஆர்டருக்கு இரண்டு வரிகள்: கிஃப்ட் கார்டில் 400, யு.பி.ஐ.யில் 600. இரண்டையும் ஆர்டர் எண்ணால் இணைத்து, ஆர்டர் தொகையைக் கூட்டுங்கள். விடை 2,000 ரூபாய். க்வெரி ஒரு பிழையும் காட்டாது. சிவப்பு எழுத்து எதுவும் வராது. டாஷ்போர்டு அழகாகத் திறக்கும். எல்லா ஆர்டரிலும் இப்படி நடக்காது. இரண்டு வழியில் பணம் கட்டியவர்களின் ஆர்டரில் மட்டும் நடக்கும். அதனால் மொத்த விற்பனை மூன்று, நான்கு சதவீதம் கூடுதலாகத் தெரியும். மூன்று சதவீதம் கூடினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். பிறகு ஆடிட்டில் மாட்டும்.

இதைத் தடுக்கும் பழக்கம் ஒன்றுதான்: எந்த அட்டவணையைத் தொடும் முன்பும், "இதில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது?" என்று கேட்பது. ஒரு ஆர்டரா, ஆர்டருக்குள் ஒரு பொருளா, ஒரு பேமெண்டா? துறையில் இதை கிரெய்ன் என்பார்கள். ரால்ஃப் கிம்பல் 1996இல் எழுதிய 'த டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' நூல் இதை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே தீர்மானிக்கச் சொல்கிறது. வேர்ஹவுஸை எந்த வரிசையில் கட்டுவது என்பதில், அவருக்கு முன்னால் பில் இன்மன், நிறுவனம் முழுவதற்கும் ஒரே பெரிய கிடங்கை முதலில் கட்டு, பிறகு துறைவாரியாகப் பிரி என்றார். கிம்பல், ஒவ்வொரு தொழில் நடவடிக்கையாக எடுத்துக் கட்டிக்கொண்டே போ, பொதுவானவற்றைப் பகிர்ந்துகொள் என்றார். எது சரி என்று நேர்காணலில் கேட்டால் பக்கம் பிடித்துச் சண்டை போட வேண்டாம். பெரிய நிறுவனங்களில் இரண்டும் கலந்துதான் இருக்கின்றன.

பழைய எண்ணை அழிக்காதே

சிண்டிகேட் வங்கிக் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் எஸ்.ஒய்.என்.பி. என்று தொடங்கின. இணைப்புக்குப் பிறகு அவை சி.என்.ஆர்.பி. என்று தொடங்கும் குறியீடுகளாக மாற்றப்பட்டன. 2021 ஜூலை 1 முதல் பழைய குறியீடு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கனரா வங்கி உள்ளே இதை எப்படிக் கையாண்டது என்பது நமக்குத் தேவையில்லை. உங்கள் முன் இது வந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

முதல் வழி: கிளை அட்டவணையில் பழைய குறியீட்டை அழித்துப் புதியதை எழுதிவிடுவது. இரண்டு நிமிட வேலை. ஆனால் 2019இல் நடந்த பரிவர்த்தனையை இன்று எடுத்துப் பார்த்தால், அது எப்போதுமே கனரா கிளையில் நடந்தது போலக் காட்டும். அன்றைக்கு அச்சிட்ட அறிக்கையும் இன்று எடுத்த அறிக்கையும் ஒத்துப்போகாது. இரண்டாவது வழி: பழைய வரியை அப்படியே விட்டு, அதற்கு ஒரு முடிவுத் தேதி போட்டு, அதே கிளைக்குப் புதிய வரியைச் சேர்ப்பது. ஒவ்வொரு வரிக்கும் குறியீட்டைச் சாராத, நாமே உருவாக்கிய தனிச் சாவி. 2019 பரிவர்த்தனை பழைய வரியைப் பிடித்துக்கொள்ளும். 2024 பரிவர்த்தனை புதிய வரியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே கிளைதான் என்று சொல்ல இன்னொரு நிரந்தர எண். இதற்கு ஸ்லோலி சேஞ்சிங் டைமென்ஷன், டைப் 2 என்று பெயர். பெயரை மனப்பாடம் செய்தவர்கள் ஆயிரம் பேர். ஐ.எஃப்.எஸ்.சி. உதாரணத்தோடு விளக்குகிறவரைத்தான் நேர்காணல் செய்பவர் நினைவில் வைத்திருப்பார்.

சில்லறை வணிகத்துக்குப் போகிறவர்களுக்கு இதே சிக்கல் ஜி.எஸ்.டி. வடிவில் இருக்கிறது. 2017 ஜூலை 1இல் வந்தது. 2025 செப்டம்பர் 22இல் பல பொருள்களின் விகிதம் மாறியது. காலாண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது! வரியோடு சேர்ந்த விற்பனையை ஒப்பிடுவதா, வரி நீக்கியதையா என்று முன்பே எழுதி வைக்காத டீம்கள் அந்த மாதம் எப்படித் திணறியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எந்த நாள், எந்த வருடம்?

தேதி என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஜி.சி.சி.யில் முதல் மாதமே திருந்திவிடுவார்கள். இந்திய நிறுவனத்தின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. வால்மார்ட்டுக்கு ஜனவரி 31. டார்கெட்டுக்கு ஜனவரி 31ஐ ஒட்டிய சனிக்கிழமை. அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனங்கள் பல, மாதத்தைக்கூட நான்கு வாரம், ஐந்து வாரம், நான்கு வாரம் என்று வெட்டிக்கொள்கின்றன. அப்போதுதான் போன வருட சனிக்கிழமையோடு இந்த வருட சனிக்கிழமையை ஒப்பிட முடியும். சில வருடங்களில் 53 வாரம் வந்துவிடும், 2023 அப்படி ஒன்று. அதற்கு அடுத்த வருடம் "விற்பனை குறைந்துவிட்டதே" என்று அலறுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கூடுதல் வாரத்தை மறந்தவர்கள்.

நாளுக்குள்ளும் சிக்கல் உண்டு. சர்வர்கள் பொதுவாக யு.டி.சி. நேரத்தில் பதிகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு 12 மணிக்கு ஆன்லைன் தள்ளுபடி விற்பனை தொடங்குகிறது என்று வையுங்கள். 12 மணிக்கும் விடியற்காலை 5:30க்கும் நடுவில் குவிந்த ஆர்டர்கள் எல்லாம் சர்வர் கணக்கில் முந்தின நாளில் போய் விழும். முதல் நாள் விற்பனை பாதியாகத் தெரியும். யாரோ ஒரு துணைத் தலைவர் காலையில் கோபமாக போன் செய்வார்.

அமெரிக்க நிறுவனத்தில் சேர்ந்தால் உங்கள் நாளே இந்த நேர வித்தியாசத்தால்தான் அமையும். அமெரிக்காவின் மினியாபொலிஸில் இரவு 10 மணிக்குக் கடை மூடினால் பெங்களூரில் காலை 8:30, குளிர்காலத்தில் 9:30. அவர்கள் காலை 7 மணிக்கு அறிக்கையைத் திறக்கும்போது நமக்கு, கோடையில், மாலை 5:30. ஆக, அவர்களின் இரவு லோடு, அதாவது அன்றைய தகவலை வேர்ஹவுஸில் ஏற்றுவது, நம் பகல் வேலை. மதியம் இரண்டு மணிக்கு லோடு விழுந்தால் இன்னும் மூன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25 மணி நேரம். அந்த இரண்டு ஞாயிறுகளில் ஊருக்கு டிக்கெட் போடும் முன் ஆன்-கால் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூல்களைப் பற்றிச் சுருக்கமாக

2007 ஒரே வருடத்தில் பி.ஐ. உலகின் மூன்று பெரிய பெயர்கள் விலைபோயின. ஹைபீரியனை ஆரக்கிள் வாங்கியது, பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை எஸ்.ஏ.பி. வாங்குவதாக அறிவித்தது, காக்னாஸை ஐ.பி.எம். வாங்குவதாக அறிவித்தது. 2019இல் டாப்லோ சேல்ஸ்ஃபோர்ஸ் கைக்குப் போனது. 1993இல் தொடங்கிய, பெங்களூரில் பெரிய அலுவலகம் வைத்திருக்கும் இன்ஃபர்மேட்டிகாவையும் 2025இல் அதே சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்குவதாக அறிவித்தது. டூல் பெயரையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டவர்கள் ஒவ்வொரு முறையும் பதறினார்கள்.

எனவே ஒவ்வொரு வகையிலும் ஒன்று போதும். வேர்ஹவுஸுக்கு ஸ்னோஃப்ளேக் அல்லது பிக்க்வெரி ஒன்று, வேலைகளை வரிசையாக ஓட்ட ஏர்ஃப்ளோ, தகவலை மாற்றியமைக்க டி.பி.டி., டாஷ்போர்டுக்கு பவர் பி.ஐ. அல்லது டாப்லோ ஒன்று, கொஞ்சம் பைத்தான். பழைய வங்கி, காப்பீட்டு நிறுவனங்களில் டெராடேட்டாவும் இன்ஃபர்மேட்டிகாவும் இன்னும் ஓடுகின்றன. அவற்றைத் தெரிந்து, அங்கிருந்து க்ளவுடுக்கு மாற்றவும் தெரிந்தவருக்குக் கிராக்கி இருக்கிறது. சான்றிதழ்கள் ஹெச்.ஆர். வடிகட்டலைத் தாண்ட உதவும், அவ்வளவுதான். ஏ.ஐ. எஸ்.க்யூ.எல். எழுதிக் கொடுக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: எழுதும், ஆனால் மேலே சொன்ன 2,000 ரூபாய் பிழையையும் அதே வேகத்தில் எழுதும்.

அலுவலகத்தில்

வேலைக்குச் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், ஃபைனான்ஸ் டீமில் ஒருவரோடு டீ குடிக்கப் போவது. நம்மவர்கள் கேன்டீனில் தமிழ் மேசையைத் தேடி உட்கார்ந்துவிடுவார்கள். நான்கு வருடம் கழித்தும் அதே மேசை. எண்ணுக்குச் சொந்தக்காரர் வேறு மேசையில் இருக்கிறார். மாதம் எந்தத் தேதியில் புத்தகத்தை மூடுகிறார்கள், திரும்பி வந்த பொருளை எந்த மாதத்தில் கழிக்கிறார்கள், ஊழியர்களுக்கான தள்ளுபடி விற்பனையைச் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

உங்கள் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போகாத நாள் நிச்சயம் வரும். நேர்காணலிலும் இதைக் கேட்பார்கள். அப்போது க்வெரியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது வீண். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கடை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கப் பட்டியலையும் அருகருகே வைத்து, ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாத பில்லைத் தேடுங்கள். ஒரு பில் கிடைத்ததும் காரணம் தெரிந்துவிடும்: ரத்தான ஆர்டர், டெஸ்ட் ஆர்டர், வரி, தேதி, இவற்றில் ஏதோ ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கண்டுபிடித்ததை இரண்டு வரியில் எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். அடுத்த வருடம் அப்ரைசலில் அந்த மின்னஞ்சல் பேசும்.

லோடு தவறினால் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். "இன்றைய விற்பனை அறிக்கை இரண்டு மணி நேரம் தாமதம், நேற்று வரையான எண் சரி, அடுத்த தகவல் நான்கு மணிக்கு." இவ்வளவு போதும். டாஷ்போர்டைத் திறந்ததும் எக்செலில் இறக்கிக்கொள்கிறவர்களைப் பார்த்து எரிச்சல்படவும் வேண்டாம். அவர்கள் என்றைக்கும் மாறப்போவதில்லை. இறக்கிய கோப்பில் எந்தத் தேதி வரையான எண் என்று ஒரு வரி வரும்படி செய்துவிடுங்கள். பாதித் தகராறு தீரும்.

கையில் காட்ட ஒரு ப்ராஜெக்ட்

கம்பெனி டேட்டாவை வீட்டு லேப்டாப்புக்கு எடுத்துப்போய் பழகலாம் என்ற எண்ணமே வேண்டாம். வேலையும் போகும், 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதற்குப் பதில் ஐ.பி.எல். எடுங்கள். பந்து பந்தாகப் பதிவான தகவல் கிரிக்ஷீட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வரி என்பது ஒரு பந்து. உடனே கிரெய்ன் கேள்வி வரும்: வைடு ஒரு வரியாக இருக்கும், ஆனால் பேட்ஸ்மேன் சந்தித்த பந்தாகக் கணக்கில் வராது. ஸ்ட்ரைக் ரேட் தப்பாக வருவது அங்கேதான். அடுத்து, பெயர்கள்: டெல்லி டேர்டெவில்ஸ் டெல்லி கேப்பிடல்ஸ் ஆனது, கிங்ஸ் லெவன் பஞ்சாப் 2021இல் பஞ்சாப் கிங்ஸ் ஆனது, ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் 2024இல் பெங்களூரு ஆனது. தினேஷ் கார்த்திக்கும் அஸ்வினும் எத்தனை அணி மாறினார்கள்! ஐ.எஃப்.எஸ்.சி.யில் சொன்ன டைப் 2 முறையை இவர்கள் மேல் செய்து பாருங்கள். நான்கைந்து அட்டவணை, ஒரு டாஷ்போர்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் வரையறை எழுதிய ஒரு பக்கம். பத்து ஆன்லைன் சான்றிதழுக்கு இது மேல்.

கடைசியாக, ஆஃபரை ஏற்கும் முன் கேட்க வேண்டியது. நேர்காணல் முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்பார்கள். அப்போது கேளுங்கள்: "இங்கே நிகர விற்பனை என்ற எண்ணுக்கு யார் பொறுப்பு? அதன் வரையறை எங்கே எழுதியிருக்கிறது?" ஒரு பதவியையும் ஓர் இடத்தையும் சொன்னால் தாராளமாகச் சேரலாம். சிரித்துக்கொண்டே "அதை ஒவ்வொரு டீமும் பார்த்துக்கொள்ளும்" என்றால், சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். தவறான இடத்தில் சேர்ந்துவிட்டால் வெளியே வருவதும் சுலபமல்ல: பெங்களூர் ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாள்.